கோச்சின் தொப்பியும் எங்கள் தெரு ஆட்களும்

"சும்மா தமாசுக்குத்தானுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் ஒரு மனுஷனை என்ன வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கூட்டம் எனக்குக் காட்டியது. அந்தக் கூட்டத்தில் என் கணவரும் ஒருவர்.

எனக்குக் கால்பந்து அப்பா கொடுத்தது. அவர் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மில்லுக்கென்று ஓர் அணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு முதலில் என் தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு போனார். அவன் பாதி ஆட்டத்தில் பொரி கேட்டு அழுது மானத்தை வாங்கிவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து நான் போனேன். தாவணி போடுவதற்கு முன்பே எனக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியும். பெரியவளான பிறகும் அப்பா என்னை நிறுத்தவில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, "அவ பந்தைப் பாக்கறா, ஆளைப் பாக்கல, உங்களுக்கென்ன?" என்று கேட்டு வாயை அடைத்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது கொஞ்சம் அதிகப்படியான ஆசைதான். "உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?" என்று கேட்டார். ஃபுட்பால் என்றேன். அவர் நம்பவில்லை. உலகக் கோப்பையில் எந்த நாட்டுப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்த நாட்டைக் கண்டாலே ஆகாது. அங்கேயே சண்டை. வெளியே இரண்டு குடும்பமும் காப்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தது. "இந்தப் பொண்ணுதான்" என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்படித் தொடங்கிய கல்யாணத்தில் பின்னால் நடந்தது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது புரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அவர் சிங்காநல்லூரிலேயே லேத் பட்டறை வைத்திருந்தார். பம்ப்செட்டுக்கு வேண்டிய சாமான்கள் கடைந்து கொடுப்பார்கள். பட்டறைக்கு எதிரே ஒரு பேக்கரி. சாயங்காலமானால் அங்கே ஒரு கூட்டம் சேரும். எல்லோரும் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்தவர்கள். எல்லோரும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள். எல்லோருக்கும் கால்பந்து பைத்தியம். அந்தக் கூட்டத்துக்கு நடுநாயகம் ஒரு பனியன் கம்பெனிக்காரர். கம்பெனி திருப்பூரில், வீடு எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. வாயைத் திறந்தால் பத்துப் பேர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணா என்பேன்.

தொண்ணூற்று நாலு உலகக் கோப்பையை அந்தக் கூட்டம் முழுவதும் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தது. ஓர் ஆட்டத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற வெள்ளைக்காரக் கோச் ஒருவர் தலையில் தொப்பி வைத்திருந்தார். வெயிலுக்கு வைத்த சாதாரணத் தொப்பி. "தொப்பியப் பாருங்க மாப்ள, என்னா ஒரு கம்பீரம்!" என்று பனியன் கம்பெனிக்காரர் சொக்கிப்போனார். அடுத்த மாதமே அதே மாதிரி ஒன்று திருப்பூரில் தைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வலம் வந்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்கே தைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

அதற்கு ஓரிரு வருஷம் கழித்து நம் நாட்டு அணிக்குப் புதுக் கோச் வந்தார். இமயமலைப் பக்கத்துக்காரர். பெரிய கிளப் எதிலும் ஆடிப் பேர் வாங்கியவர் இல்லை. பட்டாளத்து அணிகளைப் பழக்கி மேலே வந்தவர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு படம். தலையில் அவர் ஊர்த் தொப்பி. வட்டமான கம்பளித் தொப்பி, முன்பக்கம் மட்டும் பச்சை வெல்வெட் பட்டை. எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ அளக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவர் பேக்கரியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"அம்மணி, நம்ம டீமுக்குக் கூர்க்காவப் போட்டுட்டாங்க. இனி கோல் போஸ்ட்டுக்குக் காவல் பிரச்சினையே இல்ல."

"யாருங்க சொன்னா?"

"வேற யாரு, பனியன்தான். தொப்பியப் பாத்தியா? விசிலும் தடியும் குடுத்தா நம்ம தெருவுக்கே ரோந்து வருவாருங்கறான்."

"அவரு கூர்க்கா இல்லீங்க. அது அவிய ஊருத் தொப்பி. கூர்க்காவாவே இருந்தாலும் என்னங்க? அதென்ன வசவா?"

"உனக்கு எதுக்கு இத்தன கோவம்? தமாசுக்குச் சொல்றான்."

நான் அந்த வெள்ளைக்காரக் கோச்சின் தொப்பியைப் பற்றிக் கேட்டேன். "அது ஸ்டைல் புள்ள" என்றார். இது என்ன என்று கேட்டேன். கை கழுவப் போய்விட்டார்.

அந்தத் தமாஷ் ஒரு நாளோடு முடியவில்லை. பேக்கரியில் தினமும் வளர்ந்தது. அணி எங்கோ ஓர் ஆட்டத்தில் தோற்றால், தொப்பிக்குள்ளே மூளை வெந்துவிட்டது என்றார்கள். ஜெயித்தால், எதிர் அணி தொப்பியைப் பார்த்துச் சிரித்ததில் பந்தை விட்டுவிட்டது என்றார்கள். புதிய கோச் எத்தனை இளைஞர்களைச் சேர்த்திருக்கிறார், நடுக்களத்தை எப்படி மாற்றி நிறுத்துகிறார் என்பதைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. கால்பந்து பைத்தியங்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள்! ஆட்டத்தைப் பற்றித் திட்டியிருந்தால்கூட எனக்கு வருத்தம் இருந்திருக்காது. நானே திட்டியிருப்பேன்.

பிறகு, எங்கள் ஊருக்கே அவர் வருகிறார் என்ற செய்தி வந்தது. ஒரு போட்டிக்கு முன்னால் பயிற்சி முகாமைக் கோயமுத்தூரில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத்து அணியோடு ஒரு காட்சி ஆட்டமும் உண்டு. நம் நாட்டு அணியை நேரில் பார்க்கப்போகிறோம் என்று எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அப்பா இருந்திருந்தால் விடியலிலேயே போய் இடம் பிடித்திருப்பார். கணவரும் குதூகலமாகத்தான் இருந்தார். ஆனால் சனிக்கிழமை பனியன் கம்பெனிக்காரர் ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தபோது, அந்தக் குதூகலம் எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்தது.

மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அத்தனையும் தொப்பிகள். கம்பெனியில் வெட்டி மிச்சமான பனியன் துணியில் வட்டமாகத் தைத்து, முன்பக்கம் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. கூடவே நாடாவில் கோத்த பிளாஸ்டிக் விசில்கள்.

"தங்கச்சி, உனக்கும் ஒண்ணு தெச்சிருக்கறேன். போட்டுப் பாரு."

"எனக்கு வேண்டாங்கண்ணா."

"ஏனம்மணி? கேலரி மொத்தமும் தொப்பி. நாங்க விசிலடிச்சுட்டே உள்ள போறம். டிவிக்காரன் வந்தான்னா நம்மளத்தான் காட்டுவான்."

"அந்த மனுஷன் பாத்தா என்ன நெனப்பாருங்கண்ணா?"

"அட, சும்மா தமாசுக்குத்தானுங்க" என்றார். எனக்கு 'ங்க' போட்டு அவர் பேசியது அதுதான் முதல் தடவை. மரியாதையை விலகி நிற்கச் சொல்வதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

கணவர் ஒரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஸ்டேடியத்தில் நல்ல கூட்டம். மில்காரர்கள், காலேஜ் பையன்கள், பாலக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். பெண்கள் என்று பார்த்தால் நானும், சர்ச் பள்ளிக்கூடத்து மாணவிகள் கொஞ்சம் பேரும், அவர்களைக் கூட்டி வந்த சிஸ்டர் ஒருவரும். எங்கள் தெருக் கூட்டம் கேலரியின் முன்வரிசையைப் பிடித்தது. எல்லோர் தலையிலும் தொப்பி, கழுத்தில் விசில். இரண்டு பேர் கையில் மூங்கில் தடி வேறு. சுற்றியிருந்தவர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வெறும் தலையோடு, முந்தானையை வெயிலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது கோச் வெளியே வந்தார். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். அதே தொப்பி. எங்கள் வரிசை எழுந்து நின்று விசிலடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அப்புறம், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதபடி, எங்களை நோக்கி நடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு கையையும் கூப்பினார். இந்தியில் பேசத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் அம்மா என்னை இந்தி டியூஷனுக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பரீட்சையாக எழுதிக் கடைசி வரைக்கும் தேறியிருந்தேன். சேட்டுக் கடையில் பேரம் பேசுவதைத் தவிர அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

அவர் சொன்னது இதுதான். எங்கள் மலையில் ஒருவரை மதித்தால் அவர் தலையில் இந்தத் தொப்பியை வைப்போம். நான் இத்தனை ஊருக்குப் போயிருக்கிறேன். என் ஊர்த் தொப்பியை இவ்வளவு பேர் போட்டுக்கொண்டு என்னை வரவேற்றது இங்கேதான். என் வீட்டுக்காரிக்கு எழுதினால் அவள் நம்பமாட்டாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அவர் கண்ணில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

"என்னம்மணி சொல்றாரு?" என்று கணவர் முழங்கையால் இடித்தார். உனக்குத்தான் இந்தி தெரியுமே என்று பனியன் கம்பெனிக்காரரும் குனிந்தார். நான் அவர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் இவர்களுக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். கையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே குனிந்துகொண்டார்.

"அப்படியே சொல்லிப்போடு தங்கச்சி. ஆமாங்க, உங்க மேல நொம்ப மரியாதைங்கன்னு சொல்லு."

"சொல்லு புள்ள, நிக்கறாரு பாரு" என்றார் கணவர்.

அதற்குள் அந்தக் கோச் தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வியர்வையில் ஒட்டிய நரைத்த முடி. கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, பனியன் கம்பெனிக்காரரிடம் அதைக் கொடுக்க வந்தார். உங்களுடையதை எனக்குக் கொடுங்கள், என்னுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகையில் காட்டினார். பனியன் கம்பெனிக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "கொடுக்காதீர்கள்" என்று இந்தியில் கத்தினேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவர்கள் உங்களை மதித்துப் போடவில்லை. கேலி செய்யப் போட்டிருக்கிறார்கள். உங்களைக் காவல்காரர் என்று சொல்கிறார்கள். விசில் அதற்குத்தான், தடியும் அதற்குத்தான். உங்கள் தொப்பியை இந்த ஆளிடம் கொடுக்காதீர்கள்."

பரீட்சைக்குப் படித்த இந்தி. இலக்கணம் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது. பிறகு வரிசையில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். விசில்களைப் பார்த்தார். தன் தொப்பியை மறுபடி தலையில் வைத்து, பச்சைப் பட்டை நேராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். "நன்றி, சகோதரி" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"என்ன சொன்ன? அவரு மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?" என்றார் கணவர்.

"நெசத்தச் சொன்னேனுங்க."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

இத்தோடாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. என் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து இவர்கள் விசிலில் ஊதினார்கள். நம் அணி நன்றாக ஆடியது. அதைச் சொல்ல இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை, நான் சொல்கிறேன். பந்தைத் தரையோடு தரையாக வைத்துச் சின்னச் சின்னதாகக் கடத்திக்கொண்டே போனார்கள். அது வரைக்கும் நம் ஆட்கள் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. ஒரு கோல் போட்டார்கள். இரண்டாவது பாதியில் மாவட்டத்து அணிப் பையன் ஒருவன் பந்தோடு நம் பக்கம் ஓடி வந்தான். தடுக்க வந்தவர் சரியான இடத்தில்தான் இருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் வரிசையிலிருந்து நீளமாக ஒரு விசில். ரெஃப்ரி ஊதிவிட்டார் என்று நினைத்து அவர் நின்றார். கையைக்கூடத் தூக்கிவிட்டார். ஓடி வந்த பையன் நிற்கவில்லை. கோல்.

ஸ்டேடியம் அதிர்ந்தது. தடுப்பாட்டக்காரர் ரெஃப்ரியிடம் ஓடினார். ரெஃப்ரி தன் விசிலைக் காட்டி, நான் ஊதவில்லை என்று தலையாட்டினார். கோச் எல்லைக் கோட்டருகில் நின்று எங்கள் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நம் நாட்டு அணி வாங்கிய கோலுக்கு! அதன் பிறகு நம் பையன்கள் கலைந்துபோனார்கள். எந்த விசிலை நம்புவது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி ஆடி, கடைசியில் இன்னொரு கோலும் வாங்கித் தோற்றார்கள்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். திருச்சி ரோட்டில் ஓரிடத்தில் கணவர் வண்டியை நிறுத்தினார். தலையில் இன்னும் இருந்த அந்தப் பனியன் துணித் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

மறுநாள் பேப்பரில், கோச்சின் தொப்பி படத்தோடு தோல்விச் செய்தி. விசிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று சாயங்காலம் பனியன் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைப் பார்க்காமல் கணவரிடம் பேசினார்.

"மாப்ள, ஒரு கூட்டமாப் போனா எல்லாரும் ஒண்ணா நிக்கோணும். உன்ற சம்சாரம் நம்மளப் போட்டுக் குடுத்துப்போடுச்சு. அத்தன பேரு முன்னால எனக்கு அவமானம்."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் நான்தான் பேசினேன்.

"உங்களுக்கு அவமானமுங்களா அண்ணா? அந்த மனுஷன் உங்க கையில தொப்பியக் குடுக்க வந்தாரே, அப்ப வராத அவமானம் இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?"

"தங்கச்சி, அது தமாசு."

"தமாசுன்னா அவருக்கும் சிரிப்பு வரோணுமுங்க. வந்துச்சுங்களா? நம்ம டீம் கோல் வாங்கினதுக்குக் குதிச்சீங்களே, அதுவும் தமாசுங்களா?"

"நீ நொம்பப் பேசற" என்றுவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று கணவரிடம், "பேக்கரிக்கு வருவல்ல?" என்றார். கணவர், "வாரேன்" என்றார்.

எனக்கு அந்த 'வாரேன்'தான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின் போது அவர் மெதுவாக, "நீ சொன்னது தப்பில்ல. சொன்ன எடம்தான் தப்பு" என்றார். அந்த வாக்கியத்தை எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பார்கள்! எந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்? அவர் தொப்பியைக் கொடுத்து முடித்த பிறகா? அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டா? கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முகாம் இன்னும் சில நாள் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் கிளம்பினேன். எங்கே என்று கணவர் கேட்டார். பயிற்சி நடக்கும் மைதானத்துக்கு என்றேன். பஸ்ஸுக்குப் போகப் பர்ஸை எடுத்தபோது, அவர் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். மைதானத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

"உள்ள வாங்க."

"வேண்டாம். நீ போயிட்டு வா, நிக்கறேன்."

கோச் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நடந்ததற்கு எங்கள் ஊர் சார்பில் வருத்தம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் இந்தியில் வாக்கியம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைச் சொல்லவிடவில்லை. "வந்தது நல்லதாகப் போயிற்று" என்றார். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம், காலையில் இரண்டு கோல் முனைகளுக்கும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று அவர் வந்த நாளிலிருந்து சொல்கிறாராம். அந்த ஆள் தண்ணீர் என்பதை மட்டும் புரிந்துகொண்டு, தினமும் ஒரு சொம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாராம். நான் தமிழில் சொன்னதும் மைதானத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே, நான் இவருக்குத் தீராத தாகம்னு நெனச்சேனுங்க!" நான் அதை இந்தியில் சொன்னேன். கோச் வாய்விட்டுச் சிரித்தார். மைதானத்துக்காரரும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம். ஒருவருக்கும் வலிக்கவில்லை.

முகாம் முடியும் வரை தினமும் காலையில் போனேன். அவருக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் பேசிக் கொடுத்தேன். ஓரமாக நின்று பயிற்சி பார்த்தேன். அந்தக் கம்பளித் தொப்பி வெயிலில் சுடாதா என்று ஒரு நாள் கேட்டேன். வியர்வையைக் குடித்துக்கொள்ளும், கண்ணில் விடாது, முப்பது வருஷப் பழக்கம் என்றார். அவ்வளவுதான் விஷயம். கேட்டிருந்தால் எவனுக்கு வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்.

கணவர் தினமும் கொண்டுவந்து விட்டார். தினமும் வாசலிலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் கோச் கேட் பக்கம் எட்டிப் பார்த்து, அவர் யார் என்றார். சொன்னேன். கால்பந்து பிடிக்குமா என்றார். உயிர் என்றேன். கையை உயர்த்தி உள்ளே வரும்படி கூப்பிட்டார். என் கணவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உலகத்தில் அவருக்குப் பிடித்த ஆட்டத்தை நாட்டுக்கே கற்றுக்கொடுக்கிற மனிதர் கூப்பிடுகிறார், இவரால் ஐம்பது அடி நடந்து வர முடியவில்லை. வெட்கம் என்று அதற்குப் பேர் வைக்கலாம். எனக்கு அன்றைக்கு அதன் மேலும் கோபம்தான் வந்தது. வெட்கப்படுகிறவன் வந்து ஒரு வணக்கமாவது வைக்கலாம் அல்லவா?

முகாம் வைத்துத் தயாரான அந்தப் போட்டியில் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. சில மாதங்களில் கோச்சை எடுத்துவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த காலம் போதுமா, கேட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்தார்களா என்று எழுத வேண்டியவர்கள், 'தொப்பி பறந்தது' என்று தலைப்புப் போட்டார்கள். எழுதியவன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருப்பான்.

அன்று சாயங்காலம் கணவர் கையில் ஒரு பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தார். மேஜை மேல் வைத்தார். பிரித்தேன். தேங்காய் பன்னும் மைசூர்பாவும்.

"எதுக்குங்க இது?"

"பனியன் எல்லாத்துக்கும் வாங்கிக் குடுத்தான். ஊட்டுக்கும் கட்டிக் குடுத்தான்."

"ஒரு மனுஷனுக்கு வேல போனதுக்குங்களா இனிப்பு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் திங்கல அம்மணி" என்றார்.

"வாங்கிட்டு வந்தீங்கள்ல?"

"எல்லாரும் இருக்கறப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றதுங்க" என்றேன்.

பொட்டலத்தை அப்படியே சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார், யாரிடம் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார். சோறு போட்டேன்.